தலைகீழாய்க் கிடந்த இடுப்பெலும்பு

வசுந்தரா அந்த எலும்புத் துண்டைப் பல்லியின் தாடை என்று எழுதி வைத்து மூன்று மாதமாகியிருந்தது. நாக்பூர்ப் பக்கத்துக் களிமண்ணை மூட்டை மூட்டையாக மதுரைக்குக் கொண்டுவந்து, தான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்தில் அலசிச் சலித்ததில் கிடைத்த புதைபடிவத் துண்டு. அரிசிக் குருணை அளவுதான். மண்ணின் வயது ஆறரைக் கோடி ஆண்டு.

அன்று காலை ஆய்வக உதவியாளர் முனீஸ்வரி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"மேடம், தவள எலும்புக்கூடு இல்லன்னு சொன்னீகள்ல? திருவாதவூர்க் கம்மாக்கரையில வண்டி ஏறிச் செத்துக் கெடந்துச்சு. ராத்திரி அம்புட்டு மழை."

மாணவர்களுக்குக் காட்ட ஆகும் என்று வசுந்தரா அதை வெந்நீரில் போட்டு, சதையை வழித்து, இரண்டு நாள் காயவைத்தாள். மூன்றாம் நாள் இடுப்பெலும்பை நுண்ணோக்கியின் கீழ் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தொடையெலும்பு வந்து பொருந்தும் குழி. அதற்கு மேலே, தாவும் தசையைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னப் புடைப்பு. இந்தப் புடைப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே!

பல்லித் தாடையை எடுத்து அருகில் வைத்தாள். ஒத்துப்போகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஊசி முனையால் மெல்லப் புரட்டினாள். பல் இருந்த பள்ளம் என்று நினைத்தது தொடைக் குழியின் பாதியாயிற்று. உடைந்த பல் என்று நினைத்தது புடைப்பாயிற்று. இத்தனை நாளும் தலைகீழாக வைத்துப் பார்த்திருக்கிறாள்!

"முனீஸ்வரி, இங்க வா. ரெண்டையும் பாரு."

முனீஸ்வரி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஆத்தாடி! ரெண்டும் ஒண்ணாட்டம்ல இருக்கு. இது எந்த ஊர்த் தவள மேடம்?"

"அப்ப ஊரே இல்ல. மனுசனே இல்ல. டைனோசர் திரிஞ்ச காலம். அதுங்க கால் மிதியில தப்பிச்சுத் தாவியிருக்கு, இது."

சொல்லும்போதே வசுந்தராவுக்கு உடல் சிலிர்த்தது. மலை போன்றவை எல்லாம் மண்ணாய்ப் போயின. தாவும் இடுப்பு மட்டும் அதே குழியும் அதே புடைப்புமாகக் கண்மாய்க்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

பதிவேட்டில் 'பல்லி' என்றிருந்ததை அடித்தாள். 'தவளை, இடது இடுப்பெலும்பு' என்று எழுதினாள். எந்த இனம் என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். இந்தச் சிறு துண்டை வைத்து அதற்கு மேல் சொல்லத் துணிவில்லை.

வீட்டிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள். அப்புறம் பேசுவதாக வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சொல்லி வைத்தாள் வசுந்தரா.

"மேடம், இன்னொருக்கா பாத்துக்கிறட்டுமா?" என்றாள் முனீஸ்வரி.

வசுந்தரா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.