ஐயாயிரம் அடிக்கு மேலே

மூன்றாம் நிலைச் சாரத்திலிருந்து கொத்தனார் வேதமாணிக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. இடுப்பெலும்பு கூடிவிட்டது. பயம்தான் இன்னும் இறங்கவில்லை. விழிஞ்ஞத்துப் பக்கம் எழும்பும் அந்தக் கட்டடத்தின் சூப்பர்வைசர் பத்மகுமார் போனில் சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை வா மேஸ்திரி. நாலாம் நிலை வரை ஏறிக் காட்டணும். ஏறப் பற்றலேன்னா வேற ஆளு நிக்குது, கேட்டோ."

வீட்டில் முடங்கிய நாள்களில் மகள் ரெம்யாவின் பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்தில் கிளப்பி மஸ்கட்டில் இறக்க வேண்டும். ஒன்பது தடவை கிளப்பினார். ஒன்பது தடவையும் எண்ணெய் தீர்ந்து அரபிக்கடலில் விழுந்தது. மனிதர் ஐயாயிரம் அடிக்கு மேலே போகவே மாட்டார்.

"மீன் பிடிக்கவா போறிய?" என்றாள் மனைவி லீலாபாய். "போட்டுல போயிருந்தா இதுக்குள்ள மஸ்கட் வந்திருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ரெம்யா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டாள். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறவள்.

"அப்பா, தாழ காத்துக்குக் கட்டி கூடுதல். அதைக் கிழிச்சிட்டுப் போகவே எண்ணெய் தீருது. மேல காத்து லேசு. கொறச்சு குடிக்கும், வேகமாவும் போவும்."

"ஏறுறதுக்கு எண்ணெய் வேண்டாமா மக்களே? சாந்துச் சட்டியோட ஏறுறவனுக்குல்லா தெரியும்."

"வேணும். ஏறுற இருவது நிமிஷம் கூடுதல்தான் குடிக்கும். நீங்க அதைப் பாத்துப் பேடிச்சுப் பாதியிலயே நிறுத்துறிய."

விமானத்தின் மூக்கைத் தூக்கினார். எண்ணெய்க் கணக்கு எகிறியது. பாதியில் நிறுத்தவில்லை. பன்னிரண்டாயிரம், இருபதாயிரம். மேகம் காலுக்குக் கீழே போனது. முப்பத்தைந்தாயிரத்தில் மூக்கை இறக்கி மட்டமாக்கியதும் எண்ணெய் செலவு மளமளவென்று குறைந்தது. கூடவே வேகமும் குறைந்ததாகக் காட்ட, பதறிவிட்டார்.

"நின்னு போகுதே மக்களே."

"அது காத்து வந்து மோதுற கணக்கு. தரைய வச்சுப் பாத்தா ஓடுற கணக்கு இந்தா இருக்கு."

அவ்வளவு பெரிய எண்ணை அவர் இதுவரை பார்த்ததில்லை. மூன்றரை மணி நேரம் எழும்பாமல் இருந்தார். மஸ்கட்டில் சக்கரம் தரையைத் தொட்டபோது தொட்டியில் எண்ணெய் மிச்சம் கிடந்தது. லீலாபாய் கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை பத்மகுமார் கீழே நின்று பார்க்க, சாரத்தில் கால் வைத்தார். ஏறுகிற நேரம்தான் செலவு, அப்புறம் லேசு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினார். முதல் நிலை. இரண்டாம் நிலை. அங்கே கடல்காற்று வந்து அடித்தது. சாரம் லேசாக ஆடி அனங்கியது. வீட்டு நாற்காலி ஒரு நாளும் அனங்கியதில்லை. கை குழாயைப் பிடித்தது பிடித்தபடி இறுகிப்போயிற்று. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கால்சட்டை நனைந்தது.

"மதி மேஸ்திரி, போதும். இறங்கிக்கோ," என்றார் பத்மகுமார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடுதல் வலித்தது.

இரண்டு பேர் ஏறி, விரல் விரலாகப் பிரித்து இறக்கினார்கள். மணல்குவியலில் உட்கார்ந்தவர் முன்னால், அவருக்குப் பதிலாக ஏறப்போகிற புது ஆள் வந்து தயங்கி நின்றான்.

"அண்ணாச்சி, நான் கரண்டி எடுக்காம வந்துட்டேன்."

துணியில் சுற்றி வைத்திருந்த பூச்சுக் கரண்டியை எடுத்து நீட்டினார்.

"மேல காத்து உண்டு. பாத்து."