மாரல்மா வாங்கிய அடுப்பு

மாரல்மா பதினோரு வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலனுக்குத் தீ போடுகிறவள். நெருப்பைப் பற்றி அவளிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் இனி வீட்டு அடுப்பில் வெட்டியெடுத்தபடியே இருக்கும் பச்சை நிலக்கரி எரிக்கக் கூடாது, அழுத்திச் செய்த கரிக்கட்டிதான் என்று உத்தரவு வந்தபோது, மலைச்சரிவில் கம்பளிக் கூடாரம் போட்டுக் குடியிருந்தவர்கள் எல்லோரும் அவள் என்ன செய்யப்போகிறாள் என்றுதான் பார்த்தார்கள்.

அவள் கணவன் தெற்கே சுரங்கத்தில் இருந்தான். அவனுடைய தம்பி சுல்தெம் லாரி ஓட்டுகிறவன். ஒரு காலையில் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, ரெண்டு மூட்டை பச்சைக் கரி லாரியில கிடக்கு. தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டாந்துட்டேன். ஒரு பயலுக்கும் தெரியாது."

"எரிச்சா புகை வருமே, அதையும் தார்ப்பாய் போட்டு மூடுவியா?"

"விளையாடாதீங்க. அந்தக் கட்டி ஆளையே கொன்னுடும். கீழ்த்தெருவுல விஷவாயு ஏறி மூணு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் பழைய அடுப்புல அதைப் போடப் போறதில்ல."

மின்சார ஹீட்டரையும் அவள் யோசித்துப் பார்த்திருந்தாள். பக்கத்து வீட்டில் கெட்டில் போட்டாலே இங்கே விளக்கு மங்கும். அதை நம்பி மைனஸ் முப்பதில் படுத்துத் தூங்க முடியாது. கரிக்கட்டிதான், ஆனால் அதற்கேற்ற அடுப்போடு.

சந்தையில் அடுப்புக் கடைக்காரன் பெயின்ட் மினுக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். மாரல்மா பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அடுப்புக் கதவின் இடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்தாள். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது; கதவு இறுக மூடவில்லை, வாயு கசியும். அடுத்த அடுப்பிலும் அப்படியே.

"அக்கா, நீங்க அடுப்பு வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?"

"பாஸானதை வாங்க வந்தேன்."

மூன்றாவது அடுப்பில் காகிதம் வரவில்லை, கிழிந்தது. அதையே சுல்தெமின் லாரியில் ஏற்றச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புது அடுப்பில் தீ ஏறியது. சுல்தெமும் அவன் மனைவி தூங்கலாக்கும் ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை பிடிக்க உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, சுவரில் மாட்டியிருந்த விஷவாயு அலாரம் வீறிட்டது.

"வெளிய போங்க! கோட்டை அப்புறம் எடுத்துக்கலாம்!" மாரல்மா கதவை விரியத் திறந்து இருவரையும் வெளியே தள்ளினாள். கயிற்றை இழுத்துக் கூரைக் கம்பளியை விலக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கனன்ற கட்டிகளை மண்வெட்டியில் அள்ளிப் பனியில் கொட்டினாள்.

"நான் சொல்லல?" வெளியே நடுங்கிக்கொண்டு நின்ற சுல்தெமுக்குக் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "எமன் அண்ணி, எமன்! அந்த ரெண்டு மூட்டையை இறக்கிடவா?"

அலாரம் ஓய்ந்ததும் மாரல்மா உள்ளே போனாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். குழாயின் முழங்கை வளைவுக்குக் கீழே அனலடித்தது. மேலே சூடே இல்லை. அவளுக்கு முகம் சிவந்தது. அடுப்பைப் புதிதாக வாங்கியவள் பழைய குழாயையே அதில் மாட்டியிருந்தாள்.

குழாய் ஆறியதும் வளைவைக் கழற்றித் தரையில் தட்டினாள். பல வருடம் எரித்த பச்சைக் கரியின் புகைக்கரி ஒரு ரொட்டி அளவுக்கு உதிர்ந்தது. உள்ளே கட்டைவிரல் போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது.

"தப்பு என்னோடதுதான்," என்றாள் சத்தமாக. "தினமும் கொதிகலன்ல மொதல்ல குழாயைப் பார்க்கிறவ, சொந்த வீட்டுல பார்க்கல. கட்டி மேல பழி போடாத. சுல்தெம், லாரியை எடு. வளைவு இல்லாத புதுக் குழாய் வேணும், பழையதைவிட ரெண்டு முழம் நீளமாவே வாங்கிட்டு வா."

அவன் வாயைத் திறப்பதற்குள் தூங்கலாக் சாவியை அவன் கையில் திணித்தாள். "போய்ட்டு வாங்க. குளிர்ல நின்னு தர்க்கம் பண்ணாதீங்க."

நான்கு மணிக்கு மறுபடி தீ வைத்தார்கள். நேரான குழாய் காற்றை இழுத்தது. அடுப்பு சன்னமாக உறுமியது. அலாரம் வாய் திறக்கவில்லை. மாரல்மா மட்டும் பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது பள்ளிக்கூடத்துக் கம்பித் தூரிகையைக் கேட்டு வாங்கி வந்தாள். அந்த வாரத்துக்குள் சரிவிலிருந்த பதினான்கு வீட்டுக் குழாய்களையும் கழற்றித் துலக்கினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் கரியாக நின்ற சுல்தெமிடம் ஒருத்தர் கரிக்கட்டியைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் செய்யாது," என்றான் அவன். "குழாய்தான் சுத்தமா இருக்கணும். நான் அப்பவே சொன்னேன்."

மேலேயிருந்து மாரல்மா தூரிகையை ஒரு தட்டுத் தட்டினாள். கரி அவன் தலையில் சொரிந்தது.