மே பத்தாம் தேதி ஹேசல்டனில் கேட்ட முப்பத்தேழு குரல்கள்

நோய் வந்த வருஷம் மே ஐந்தாம் தேதி விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரின் கதவைப் படீரென்று சாத்தினார். அந்தச் சத்தத்துக்கு வர்லின் டகெட் படுக்கையில் மல்லாந்து கிடந்தபடியே காட்டு வான்கோழிச் சேவலாகக் கத்தினான். சேவல் மாதிரி என்று நான் எழுதவில்லை. மாதிரி கத்துகிறவர்கள் எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களை யாரும் சரித்திரத்தில் சேர்ப்பதில்லை. இது அசல். தொண்டைக்குள் கூழாங்கற்கள் உருள்கிற அந்தக் கொளகொளச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் மனைவி டெல்ஃபா தூக்கத்திலேயே "ஒண்ணு" என்றாள். மாநில வனவிலங்குத் துறைக்காக இருபத்திரண்டு வசந்த காலம் ஹேசல்டன் மேட்டடியில் விடியலில் நின்று, எத்தனை சேவல் கத்துகிறது என்று எண்ணி அனுப்பியவள் அவள். வாய் தானாக எண்ணியது. பிறகுதான் சத்தம் பக்கத்துத் தலையணையிலிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

இது எப்படி வந்தது என்று சொல்ல ஏப்ரலுக்குப் போக வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு வான்கோழி ஆலை இருந்தது. நாளொன்றுக்கு இருபதாயிரம் வெள்ளை வான்கோழிகளை அறுத்துச் சுத்தம் செய்து பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்களை, நோய்க்குப் பயந்து ஆலை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கடைகளில் இறைச்சித் தட்டுகள் காலி. அதே வாரம் வசந்தகால வேட்டை தொடங்கியது. மூன்று வாரம், ஆளுக்கு இரண்டு சேவல், பகல் ஒரு மணிக்கு மேல் சுடக் கூடாது. மற்ற வருஷங்களில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. சனி ஞாயிறில் மட்டும் நாலு துப்பாக்கி கேட்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஆண்கள் ஆலைக்குப் போவார்கள், சேவல்கள் பெட்டைகளோடு குடும்பம் நடத்தும். அந்த வருஷம் எல்லா நாளும் சனிக்கிழமை. கடைக்குள் முகக்கவசம் போட மாட்டேன், என் உரிமை என்று கல்லாக்காரியிடம் மல்லுக்கு நின்ற அதே மகராசன்கள், காட்டுக்குள் கண் மட்டும் தெரிய இலைநிற வலையால் முகத்தை இழுத்து மூடிக்கொண்டு மரத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டை கூப்பிடுகிற மாதிரி மரப்பெட்டியைத் தேய்த்துக் கூப்பிட்டார்கள். அந்தக் குரலை நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவதுதான் சேவலின் புத்தி. வந்தது. வந்ததையெல்லாம் சுட்டார்கள்.

வர்லின் முதல் வாரத்தில் ஒன்றும், இரண்டாம் வாரத்தில் ஒன்றும் சுட்டான். அதோடு அவன் பங்கு முடிந்தது. மூன்றாவதை டெல்ஃபாவின் அனுமதிச் சீட்டில் காட்டினான். அவள் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் சீட்டு வாங்கித் தந்தாள், தொலைபேசியில் தன் பெயரைச் சொல்லிப் பதிவும் செய்தாள்; வறுத்த நெஞ்சுக்கறியை இருவரும் கிரேவியோடு சாப்பிட்டார்கள். நான்காவதைச் சுடப் போன மே நான்காம் தேதி அவள் கேட்டாள்: "வர்லின், மேட்டுல நேத்து நான் எண்ணினது ஒண்ணே ஒண்ணுதான். அதையும் விட்டுவைக்க மாட்டியா?" அவன் பூட்ஸ் நாடாவை இழுத்துக் கட்டினான். "நான் விட்டா உன் தம்பி எடுத்துட்டுப் போவான். அவன் ஊரெல்லாம் பீத்திக்கிறதை நீ கேட்டுக்கிட்டு இருப்பியா?" பதினோரு மணிக்கு ஹேசல்டன் மேட்டின் கடைசிச் சேவல் அவன் தோளில் தலைகீழாகத் தொங்கியபடி வீடு வந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவன் கத்த ஆரம்பித்தான். காட்டுச் சேவலுக்கு ஒரு பழக்கம் உண்டு: இடி இடித்தாலும், ஆந்தை அலறினாலும், எந்தச் சத்தம் திடீரென்று கேட்டாலும் தன்னையறியாமல் பதிலுக்குக் கத்திவிடும். வர்லினுக்கும் அப்படியே. கரண்டி விழுந்தால் கத்தினான். குப்பை லாரிக்குக் கத்தினான். கத்தும்போது தலை சுண்ணாம்பாக வெளுத்தது, கன்னம் நீலமாயிற்று, கழுத்து ரத்தச் சிவப்பில் புடைத்தது. முடிந்ததும் பழையபடி ஆனது. டெல்ஃபா மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தாள். காய்ச்சல் இருக்கா, வாசனை தெரியுதா, மூச்சு வாங்குதா என்று அவர் கேட்டார். இல்லை என்றதும், "அப்ப இது அது இல்ல. வெளிய போகாம வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் இருக்கத்தான் முடியவில்லை. எங்கள் ஊரில் சுவர்கள் மெல்லிசு, நாக்குகள் நீளம். வர்லின் அவமானத்தில் குறுகிப்போனான். வெளிச்சம் வருமுன் எழுந்து, யார் காதிலும் விழாத இடமாகப் பார்த்து, சேவலே இல்லாததால் வேட்டைக்காரர்கள் கைகழுவிவிட்ட ஹேசல்டன் மேட்டுக்கு ஏறிப்போனான். விழுந்து கிடந்த ஓக் மரத்தின் பின்னால் உட்கார்ந்து, தொண்டையில் இருப்பதெல்லாம் தீரும்வரை கத்திவிட்டு, எட்டு மணிக்கு இறங்கி வருவான். நாலு நாள் இப்படிப் போயிற்று. புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டான். ஆயிரம் துப்பாக்கி அலைகிற காட்டில் சேவல் குரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டெல்ஃபாவின் தம்பி ஹாய்ட்டுக்கு அந்த வருஷம் ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை. ஆலையில் மேஸ்திரி; வாய்ச்சொல்லில் வீரன். மளிகைக்கடை வாசலில் ஆறடி தள்ளி நின்றுகொண்டே அவனைக் கிண்டல் செய்தார்கள். "என்னப்பா ஹாய்ட், உன் பெட்டிக்குள்ள பெட்டைக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" "அவன் கூப்பிட்டா சேவல் வராது, அவன் பொண்டாட்டிதான் சோத்துக்குக் கூப்பிடுறான்னு வருவா." அவன் சிரித்துச் சமாளித்தான். ஆனால் உள்ளே வெந்துகொண்டிருந்தான். வேட்டையின் கடைசி நாள் மே பத்து, ஞாயிறு, அன்னையர் தினம். பொழுது விடியும் நேரத்தில் டெல்ஃபாவின் தொலைபேசி அடித்தது. ஹாய்ட் மூச்சுக்குள் பேசினான்.

"அக்கா, உன் எண்ணிக்கையைக் குப்பையில போடு. மேட்டுல ஒண்ணு இருக்கு! நான் ஆந்தை மாதிரி ஒரு தடவை கூவினேன், அது மூணு தடவை பதில் குடுத்துச்சு. என்னா குரல்! மச்சான்கிட்ட சொல்லிடாதே, வந்து பங்கு கேப்பான்."

"ஹாய்ட், சுடாதே! அது—"

"இறங்கி வர மாட்டேங்குது அக்கா. நான் ஊர்ந்து மேல போறேன்." துண்டித்துவிட்டான். திரும்ப அழைத்தபோது தொலைபேசியை அணைத்து வைத்திருந்தான். அவள் பக்கத்துத் தலையணை காலியாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கத்துகிற சேவலைத் தேடி ஊர்ந்து போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார், கூப்பிடு, வந்தால் சுடு, வராவிட்டால் வீட்டுக்குப் போ. ஏனென்றால் கத்துவது சேவலா, சேவலைக் கூப்பிடுகிற இன்னொரு மனிதனா என்று காதால் சொல்ல முடியாது. பட்டுத் தெரிந்துகொண்ட பெற்றோர்கள் வைத்த விதி அது. ஹாய்ட் இருபது வருஷம் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

டெல்ஃபா செருப்பு மாட்டாமல் காரை எடுத்தாள். ஹாரன் அடிக்கக் கை போனது. அடித்தால் வர்லின் கத்துவான், ஹாய்ட்டுக்கு இடம் தெரிந்துவிடும். கையை இழுத்துக்கொண்டாள். மேட்டடியில் காரின் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஏறினாள். காலில் முள் ஏறியது. "ஆண்டவரே, அவன் வாயை மூடும், ஆண்டவரே, அவன் வாயை மூடும்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கத்துவான். அழுதாலும் கத்துவான். கட்டிய புருஷனை எச்சரிக்க ஒரு சத்தம் உலகத்தில் இல்லை என்று அவள் நினைத்தபோது விழுந்த ஓக் மரம் தெரிந்தது. அதன்மேல் வெள்ளையும் நீலமும் சிவப்புமாக ஒரு தலை எழும்பியது. நாற்பது தப்படி கீழே, புதருக்குள், வலை மூடிய முகம் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதித்திருந்தது.

அப்போது அவள் தொண்டையிலிருந்து "புட்!" என்று ஒரு சத்தம் வந்தது. பெட்டை நரியைக் கண்டால் போடுகிற ஒற்றைச் சத்தம். இருபத்திரண்டு வருஷம் கேட்ட காது அதை எப்படியோ வைத்திருந்தது. "புட்! புட்!" அதைக் கேட்டால் எந்தச் சேவலும் அந்த நொடியில் வாயை மூடிக்கொண்டு தரையோடு பதுங்கும். வர்லின் பதுங்கினான். ஹாய்ட்டின் விரல் ஏற்கனவே அழுத்திவிட்டது. ஓக் பட்டை சிதறியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, வர்லினின் தொப்பி பத்தடி தள்ளிப் போய் விழுந்தது.

வெடிச்சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஊர் பதில் சொன்னது. மெதடிஸ்ட் கோயில் தெருவிலிருந்து ஒரு கொளகொளச் சத்தம். டிரெய்லர் வீடுகளின் பக்கமிருந்து நாலு. போதகர் வீட்டு மாடியிலிருந்து ஒன்று, மளிகைக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஒன்று, ஆற்றுக்கு அக்கரையிலிருந்துகூட. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வந்த நோய் என்று தலையணையில் முகத்தை அமுக்கி மறைத்து வைத்திருந்த குரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. டெல்ஃபா முள் குத்திய காலோடு நின்று எண்ணினாள். முப்பத்தேழு. மரங்களிலிருந்து ஒன்றுகூட இல்லை.

ஹாய்ட் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "மச்சான்! ஐயோ மச்சான், நீயா? சேவல்னு நெனச்சேன், சத்தியமா சேவல்னுதான் நெனச்சேன்!"

வர்லின் தரையிலிருந்து எழவில்லை. "சரியாத்தான் நெனச்சிருக்கே" என்றான்.

சட்டத்துக்கு மேல் சுட்டவனுக்குத்தான் குரல் வந்தது என்பார் உண்டு. தன் மேட்டின் கடைசிச் சேவலைச் சுட்டவனுக்கு வந்தது என்பாரும் உண்டு. போதகர் எத்தனை சுட்டார் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லாததால் விஷயம் தீராமலே இருக்கிறது. வனத்துறைக்காரர் தொலைபேசியில் அந்த வருஷ எண்ணிக்கையைக் கேட்டபோது டெல்ஃபா, "மரத்துல பூஜ்யம். வீட்டுல முப்பத்தேழு" என்றாள். அவர், வருஷா வருஷம் எண்ணிக்கைத் தாளுக்குக் கேட்கிறபடியே, அன்று காற்று எப்படி என்று கேட்டார். காற்றே இல்லை என்றாள். குறித்துக்கொண்டார். ஆலை திறந்தது. இடி இடிக்கும் ஞாயிறுகளில் போதகர் வசனத்தை நிறுத்திக் கத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். சபையிலும் ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளைகள்கூடச் சிரிப்பதில்லை.

பெட்டைகள்தான் இன்னும் பழகவில்லை. ஏப்ரல் பாதியில், மேட்டிலிருந்து இறங்கி, சத்தம் வருகிற வீடுகளுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. டகெட் வீட்டுக்கு முதல் வருஷம் பத்தொன்பது வந்தன, அடுத்த வருஷம் பதினொன்று, இந்த வருஷம் நாலு. வர்லின் காலுறையோடு வெளியே போய் ஈரப்புல்லில் நிற்பான். அவை கிட்டே வந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, அவன் காலடியில் ஒவ்வொன்றாக மண்டியிட்டு, சேவலுக்கு இடம் கொடுப்பதுபோல் சிறகைத் தாழ்த்திக் காத்திருக்கும். அவன் கையைப் பிசைவான். "நான் அவன் இல்லம்மா" என்பான். ஒவ்வொன்றிடமும் தனித்தனியாகச் சொல்வான். வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு அவை எழுந்து, இறகை உதறிக்கொண்டு, மேட்டுக்கு நடக்கும். அவன் உள்ளே வந்து காப்பி குடிப்பான்.