நாற்பத்தொன்றாம் கட்டம்

அப்பாவின் ஈரலுக்கு அலுவலகம் போட்ட விலை மூன்று மாதச் சம்பளம். கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் காலை அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளின் மேலதிகாரி வாசலில் நின்றபடியே பண உறையை அவளிடம் நீட்டினார். கூடவே ஒரு தாள். இறப்புக் காரணம்: குடியால் வந்த ஈரல் நோய்.

"ஒரு கையெழுத்து போதும்மா."

"எங்கப்பாவுக்கு டீ தூக்கலா இருந்தாலே தலை சுத்தும் சார்."

வானத்திலிருந்து எடுத்த சதுப்பு நிலப் படங்களைக் கட்டம் கட்டமாகப் படிப்பது அவள் வேலை. நாணல் அறுக்கும் அப்பாவுக்கு அது பெரிய தமாஷாக இருந்தது. அடிக்கடி கேட்பார்:

"அவ்வளவு உசரத்துலேர்ந்து நத்தை தெரியுமாடி?"

"நத்தை தெரியாதுப்பா, பாசி தெரியும். பாசி இருந்தா நத்தை. நத்தை இருந்தா புழு. தோல் வழியாப் போய் ஈரல்ல குடியேறிடும்."

நத்தை உள்ள கட்டத்தில் அறுப்பவர்களுக்கு அலுவலகம் புழு மாத்திரை தரும். ஏழு வருடம் முன்பு நாற்பத்தொன்றாம் கட்டத்தை மேகம் மறைத்திருந்தது. "காலியா விட்டா மேலிடத்துல கேள்வி வரும், நத்தை பூஜ்யம்னு போடு" என்றார் இதே அதிகாரி. போட்டாள். அதற்குப் பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை. வருடா வருடம் அந்தப் பூஜ்யத்தையே நகலெடுத்தார்கள். பூஜ்யம் போட்ட அன்றே வீட்டுக்கு வந்து, "நாப்பத்தொண்ணு சுத்தம்பா, அங்கயே அறுங்க" என்றும் சொல்லியிருந்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா பூஜ்யம் அப்படியே நிக்கும். அங்க இன்னும் முப்பத்தெட்டுப் பேர் அறுக்கறாங்க சார்."

"போனவர் திரும்பவா போறார்? சரி, நாலு மாசமா வாங்கித் தரேன்."

"ஏறுதே! எங்கப்பா இருந்திருந்தா அஞ்சு கேட்டிருப்பார்." உறையை அவர் சட்டைப் பையிலேயே செருகினாள். "நில்லுங்க, வந்துடறேன்."

சுவரில் சாய்த்திருந்த நீளக் கைப்பிடி வலையையும் வாளியையும் எடுத்தாள்.

"அப்பாவை எடுத்துட்டுப் போக வண்டி வர்ற நேரத்துல எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"வண்டி நிக்கட்டும்."

அம்மா தலை நிமிரவில்லை. "பூட்ஸ் போட்டுக்கிட்டு இறங்கு" என்றாள்.

ஒரு மணி நேரம் வண்டி நின்றது. இடுப்புவரை சேறோடு திரும்பியவள், அதிகாரியின் பாலீஷ் போட்ட ஷூவுக்குப் பக்கத்தில் வாளியை வைத்தாள். அவர் இரண்டடி பின்வாங்கினார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதி, அவர் கேட்டபடியே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

கட்டம்: 41.
படத்தில் இருந்தது: மேகம்.
பூஜ்யம் போட்டது: நான்.
இன்று பத்து அள்ளலில் நத்தை: நூற்றுப் பதினேழு.
இறப்பு: ஒன்று.
மாத்திரை பாக்கி: முப்பத்தெட்டுப் பேர்.