பட்டியலில் வராத கராவோக்கே

உமாராணி நாலு மணிக்கு வந்து தன் லேப்டாப்பை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். "உங்க சாமானையெல்லாம் அதுலேர்ந்து எடுத்துருங்க," என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அவள் பாடாங் செராய் வீட்டைவிட்டு திகாம் பத்துவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனபின் கணவன் காளிதாசனுக்கு வந்த மிக நீளமான செய்தி அதுதான்.

கையுறை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் தூங்காமல் மேசைமுன் உட்கார்ந்தான்.

திரையிலிருக்கும் ஐகானைக் குப்பையில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர்ப்பலகையைக் கழற்றினால் கடை காலியாகிவிடாது. சாதாரண புரோகிராம்களை செட்டிங்ஸ் பட்டியலில் தேடிக் கழற்றினான். கேம்களை, அவற்றை இறக்கிக் கொடுத்த லாஞ்சர் புரோகிராமுக்குள் போய் நீக்கினான். ஆன்டிவைரஸ்தான் முரண்டு பிடித்தது. பட்டியலில் கழற்றியும் பாதி உள்ளேயே கிடந்தது. அதைச் செய்த கம்பெனி கொடுக்கும் துடைப்புக் கருவியை ஓடவிட்டு, மெஷினை அணைத்துப் போட்டதும் ஒழிந்தது.

ஒவ்வொன்றும் போகுமுன் 'நிச்சயமா?' என்று கேட்டது. உமாராணி போனபோது அவன் அதைக்கூடக் கேட்கவில்லை.

மிச்சம் கராவோக்கே. ஒரு தீபாவளிக்கு யாரோ தம்ப் டிரைவில் கொண்டுவந்த ஃபோல்டர் அது. இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். அதனால் பட்டியலில் வராது. ஃபோல்டரை அழித்தால் தீர்ந்தது. ஆனால் பாடிப் பதிவுசெய்ததும் அதே ஃபோல்டருக்குள்தான் கிடந்தது. பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டத் தட்ட இருவரும் சேர்ந்து கத்திய பாட்டுகள்.

தனக்கு ஒரு நகல் எடுக்க நினைத்தான். எடுக்கவில்லை. தன்னிடம் இருந்தால் அது வெறும் சத்தம். அவளிடமே கிடந்தால், என்றைக்காவது திறந்து கேட்டு அவள் திரும்பி வரலாம். அப்படியே விட்டான்.

அவள் வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டாலும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. வெளியே அவள் அண்ணன் பக்கிரிசாமி காரை அணைக்காமலே இருந்தான்.

"டீ போடவா?"

"வேணாம். அண்ணன் வெயிட் பண்றாரு. எல்லாம் எடுத்தாச்சா?"

"ஆச்சு."

அவள் நின்றபடியே பட்டியலைப் பார்த்தாள். பிறகு நேராக அந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

"இது இருக்கு?"

"அது லிஸ்ட்ல வராது உமா."

"தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

தான் தனியாகப் பாடியவற்றை மட்டும் பொறுக்கி வேறிடத்தில் போட்டாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

"மிச்சத்த அழிச்சிருங்க."

"இருக்கட்டும் லா. எடத்த அடைக்கவா போவுது?"

"அழிச்சிருங்க."

அழித்தான். இது எதையும் கேட்காமல் போனது.

"ரீசைக்கிள் பின்லயும்," என்றாள்.

குப்பைத்தொட்டி மட்டும் 'நிச்சயமா?' என்றது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆம்' என்று அழுத்தினான்.

"மச்சான், மழ வருது, சீக்கிரம் அனுப்புங்க," என்று வாசலுக்கு வராமலே கத்தினான் பக்கிரிசாமி.

கார் போனபின், இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடிய மைக் மேசையில் கிடப்பதைப் பார்த்தான். மறந்துவிட்டாளா, வேண்டாமென்று விட்டாளா தெரியவில்லை. போன் செய்து கேட்கவில்லை. மூடியைத் திருகி பேட்டரிகளை வெளியே எடுத்தான். ரொம்ப நாள் உள்ளேயே விட்டால் ஒழுகும்.