உட்கார முடியாத நாள்

சவப்பெட்டியின் மேல் கொடியை விரித்துக்கொண்டிருந்த கவுன்சிலரின் கையைத் தினியோ தட்டிவிட்டாள்.

"தேசிய கீதம் பாடறதா இருந்தா முதல் பாதியோட நிறுத்துங்க. எங்கப்பா ரெண்டாம் பாதிக்கு நின்னதே இல்ல."

"என்னம்மா நீ! கறுப்பு வெள்ளை எல்லாரும் ஒண்ணா நிக்கணும்னுதானே நம்ம பாட்டையும் வெள்ளைக்காரன் பாட்டையும் ஒட்ட வெச்சது? முழுசாத்தான் பாடணும்."

தம்பி லெசெகோ அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, மானத்த வாங்காத. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா!"

தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் அப்பா மொயெகெட்சியைத் தெரியாதவர் யார்? பள்ளி விழாவோ பந்து மைதானமோ, முதல் பாதியை முஷ்டி உயர்த்திப் பாடுவார். இரண்டாம் பாதியில், வெள்ளையர் ஆட்சியின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில் வரி தொடங்கியதும் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். அந்த மொழியைப் பள்ளியில் திணிக்காதே என்று ஊர்வலம் போன அவருடைய அண்ணன், சீருடையோடு சுடப்பட்டுச் செத்தவன். 'பாதிப்பாட்டு' என்று தெருவே அவரைக் கேலி செய்யும்; அவரும் சிரிப்பார். அவரால் உட்கார முடியாத நாளாகப் பார்த்து முழுசாகப் பாட வந்திருக்கிறான் இவன்.

பாட்டு எழுந்தது. சற்று முன்புவரை வண்டி நிறுத்தும் இடத்துக்காக அடித்துக்கொண்ட டாக்ஸிக்காரர்களும் மாதர் சங்கத்துப் பெண்களும் ஒரே தொண்டையானார்கள். அவளாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆப்பிரிக்கான்ஸ் வரி வந்தது. தினியோ குழி ஓரத்து மண்மேட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எந்திரிக்கா!" என்று லெசெகோ பல்லைக் கடித்தான். அவன் தோளையே பிடித்துக்கொண்டு, மடங்காத முழங்காலை மடக்கி, அம்மா மமெல்லோவும் உட்கார்ந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனும் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்தாள். மண்வெட்டி பிடித்திருந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

கவுன்சிலர் மட்டும் நின்று பாடினார். இரண்டு வார்த்தை போனது. மூன்றாவதில் நாக்கு சிக்கியது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார், எடுத்துக்கொடுக்க ஆளில்லை.

"தெரியாதா?" என்றாள் தினியோ. "உனக்கே தெரியாத பாட்டையா எங்கப்பாவ படுக்கவெச்சுக் கேக்க வைக்கப் பாத்த?"

யாரும் சிரிக்கவில்லை. தரையில் இருந்தபடியே அம்மா முதல் பாதியை மறுபடி எடுத்தாள். எல்லோரும் எழுந்தார்கள். லெசெகோ ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

தினியோவின் கறுப்புப் பாவாடையில் செம்மண் அப்பியிருந்தது. அதைத் தட்டிவிடாமலே பாடினாள்.