அங்க அடையாளம்

"ஒரு போட்டோ கூட இல்லையா?" என்று தமார் மூன்றாம் முறையாகக் கேட்டபோது, ஆவணக் காப்பாளர் ரோஸ்விதாவால் அதற்கு மேல் மழுப்ப முடியவில்லை. அந்தச் சிறிய ஜெர்மன் ஊரின் காப்பகத்தில் தமாரின் அப்பா, ஜவுளிக்கடை மோரிட்ஸ் டிஸ்பெக்கரின் பெயரில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. யூதர்களை இழிவுபடுத்தவென்றே நடந்த உள்ளூர் வாரத்தாள் ஒன்றில் 1934-இல் வந்த கேலிச்சித்திரம். அதையா மகளிடம் நீட்டுவது? 1939-இல் நாஜிகளிடமிருந்து தப்புவிக்க, இரண்டு வயதுக் குழந்தையாக வெளிநாட்டுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்டவள் தமார். வழியனுப்ப நின்ற பெற்றோர் இருவரும் பிழைக்கவில்லை. இந்த அறுபத்தொரு வயதில் அப்பாவின் முகத்தைத் தேடி இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்திருக்கிறாள்.

ரோஸ்விதா அந்த வாரத்தாளின் கேலிச்சித்திரங்களைத்தான் பன்னிரண்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்தினாள். பத்துப் படங்களைப் பரப்பி, பெயர்களை மறைத்துவிட்டு, யார் யார் என்று கேட்பாள். ஒருவராலும் சொல்ல முடியாது. பத்துப் பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே உதடு. ஆளைப் பார்த்து வரையவில்லை, அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லும்போது வகுப்பே அடங்கிப்போகும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கடைசியில் படம் இருந்த உறையை ரோஸ்விதா எடுத்து நீட்டியபோது, அதோடு குறிப்பு அட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. தமார் முதலில் எடுத்தது அட்டையைத்தான். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் ரோஸ்விதாவின் கையெழுத்து: நீண்டு வளைந்த மூக்கு, தடித்த உதடு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று பழகிய கை எழுதியது.

"இதை எழுதினவங்க எங்கப்பாவப் பாத்திருக்காங்களா?"

"நான்தான் எழுதினேன். பாத்ததில்ல."

 ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, அந்தப் பொய்யையே ஒரு மனிதரின் அடையாளமாகப் பதிந்து வைத்திருக்கிறோமே என்று ரோஸ்விதா கூசிப்போனாள்.

தமார் படத்தை வெளியே எடுத்தாள். கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. வரைந்தது யார் என்று மட்டும் கேட்டாள். இந்த ஊர்ப் பெயர்ப்பலகை ஓவியன், உங்கள் அப்பாவின் கடைக்குப் பலகை எழுதியவனும் அவனேதான் என்றாள் ரோஸ்விதா. படத்தில் அந்தப் பலகை எழுத்துப் பிசகாமல் இருந்தது. கதவின் பித்தளைப் பிடி, தோளில் கிடந்த அளவு நாடா, கோட்டில் ஒரு பொத்தான் குறைவது வரைக்கும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான்.

"அப்போ இவனுக்கு எங்கப்பா முகம் நல்லாத் தெரியும்," என்றாள் தமார். "தெரிஞ்சேதான் இந்த முகத்த வச்சிருக்கான்."

 ரோஸ்விதாவின் பன்னிரண்டு வருடப் பாடத்தில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. தமார் இடது கையை விரித்து, மூக்கும் உதடும் கண்ணும் மறையும்படி படத்தின் மேல் வைத்தாள். பிறகு கையை எடுக்காமலே குனிந்து, அளவு நாடா கிடந்த அப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.